சமூக விரோதியின் ஆட்சேபணை

ஐப்பசி 4, செவ்வாய்

காலையில் தூறல். பிறகு வெயில். ஓடையில் ஈரம் மட்டும்.

தேதி, காலண்டர் தாளைப் பார்த்து எழுதியது. ஐப்பசிக்கு நடுவில் புள்ளியை விட்டுவிட்டேன். பிறகு வைத்தேன். வைத்ததும் சொல் நேராக உட்கார்ந்துகொண்டது.

தினமும் நாலு வரி எழுத வேண்டும் என்பது செல்வி உத்தரவு. இல்லாவிட்டால் கை மறந்துவிடுமாம். செல்வி எங்கள் ஓடைக்கரைப் பெண். பகலில் தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடையில் வேலை. சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் என்னைப்போன்ற பெருவிரல் ஆட்களுக்கு வகுப்பு. வகுப்பில் டீச்சர் என்பேன், வெளியே தாயி என்பேன். இந்த நோட்டை யாரும் பார்க்கப் போவதில்லை. என் வீட்டுக்காரி பேச்சிக்குப் படிக்கத் தெரியாது. அதனால் அவளைப்பற்றியும் தைரியமாக எழுதலாம்.

இன்று படித்தவை:

பஸ்ஸில்: திருச்சுழி வழி வீரசோழன்.
கடைப் பலகையில்: உரம், பூச்சிமருந்து.
மில் சுவரில்: இங்கு சிறுநீர் கழிக்காதீர். படித்த பிறகு வேறு இடம் போனேன். இத்தனை வருஷமும் அங்கேதான்.
செல்வகணபதி நகர் வளைவில்: உள்ளே போகும்போது நல்வரவு. வெளியே வரும்போது நன்றி, மீண்டும் வருக.

அந்த வளைவுக்கு அடியில் தினமும் நுழைகிறேன். நகர் வீட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் விடுவதும் குப்பை அள்ளுவதும் என் வேலை. வீடு வருமுன் அந்த இடம் பூராவும் கருவைக்காடு, சீமைக்கருவேல மரத்தை வெட்டி அங்கே கரிமூட்டம் போட்டவனும் நான்தான். இத்தனை நாளும் என்னை வா என்றும் மீண்டும் வா என்றும் சொல்லியிருக்கிறார்கள். எனக்குத்தான் தெரியவில்லை. அண்ணாந்து நின்று இரண்டு தடவை படித்தேன். சைக்கிள்காரன் ஏசிவிட்டுப் போனான்.

ஏழாம் நம்பர் வீட்டில் காப்பி. அங்கே எனக்கென்று ஒரு டம்ளர், கேட்டுக்கு உள்ளே துளசித் தொட்டிக்குப் பின்னால் கவிழ்த்திருக்கும். நல்ல காப்பி.

கை வலி. இத்துடன்.

ஐப்பசி 5, புதன்

வெயில். பேச்சிக்கு முழங்கால் வீக்கம். நொச்சி இலை ஒத்தடம்.

சாவடிச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். என்னைச் சுற்றி ஆட்கள். படிக்கத் தெரிந்தவர்கள் எல்லாம் வேலைக்குப் போயிருந்த நேரம். நான்தான் படித்தேன். எழுத்துக்கூட்டி, மூச்சு விட்டு, மறுபடியும். சொர்ணம் கிழவி, ஏய்யா, பஸ்ஸுல போறதுக்கு நடந்தே போயிருவம்போல இருக்கு உம்ம படிப்பு என்றாள். படிக்கட்டும் என்று மற்றவர்கள் அவளை அடக்கினார்கள். எனக்கு வேர்த்தது. ஆனாலும் என்ன சந்தோசம்.

விஷயம் இது. நகருக்குக் கிழக்கே மேட்டில் இருக்கும் கருவைக்காடு சர்க்கார் புறம்போக்கு. தாளில் அதன் பெயர் மேய்க்கால். ஆடுமாடு மேய விட்ட நிலம் என்று அர்த்தமாம். அதை வகைமாற்றி நத்தம் ஆக்கப் போகிறார்கள். நத்தம் என்றால் வீடு கட்டும் நிலம். ஓடையில் குடியிருப்பவர்கள் எல்லாரும் ஓடையை விட்டு எழும்ப வேண்டும், மேட்டில் தொகுப்பு வீடு, சர்க்கார் மானியத்தில். பட்டியலில் என் பெயரும் பேச்சி பெயரும். இரண்டையும் விரலால் தடவிப் பார்த்தேன்.

கடைசி வரி: ஆட்சேபணை உள்ளவர்கள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம்.

ஆட்சேபணை என்றால் என்ன? யாருக்கும் தெரியவில்லை. ஆட்சி என்று ஆரம்பிப்பதால் ஏதோ சர்க்காருக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். நாமும் ஒன்று தெரிவிப்போம் என்று எல்லாரிடமும் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். சாயங்காலம் செல்வி கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆட்சேபணை என்றால் கூடாது என்று சொல்வதாம். நல்ல வேளை, தெரிவிக்கவில்லை.

பேச்சியிடம் சொன்னேன். கக்கூஸ் உண்டா என்றாள். உண்டு. கதவு வச்சதா என்றாள். கதவு வைத்தது. இந்த முழங்காலோடு விடியுமுன்னே கருவை மறைவுக்குப் போய்வருகிறவள் அவள்தானே.

ஐப்பசி 7, வெள்ளி

மேகம். மழை இல்லை.

நகர் சங்கத்தின் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஏதோ ஆபீஸில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். (தலைவர் என்று எழுதக் கை வலிக்கிறது. இனி த. பேச்சியையும் பே. என்று எழுதிப் பார்த்தேன். பேய் மாதிரி இருக்கிறது. அவளை முழுசாகவே எழுதுகிறேன்.)

த. ஓடைக்கு இறங்கி வந்தது இதுதான் முதல் தடவை. கூட இரண்டு பேர். கையில் தாள், மைப்பெட்டி. பேச்சி ஸ்டூலைத் துடைத்துப் போட்டு டீ கொதிக்க வைத்தாள். நகர் சார்பில் ஒரு மனு, நகரில் வேலை செய்கிறவர்களும் சேர்ந்தால் பலம் என்றார். மைப்பெட்டியைத் திறந்துகொண்டு என் பெருவிரலைத் தேடினார்.

எனக்குச் சிரிப்பு. கையெழுத்தே போடுவேன் சார் என்றேன். ஆனால் படித்துவிட்டுத்தான் போட வேண்டுமென்று டீச்சர் சொல்லியிருக்கிறாள் என்றேன். அவருக்கும் சந்தோசம்தான். முதுகில் தட்டிக்கொடுத்தார். படிங்க படிங்க என்றார்.

படித்தேன். டீ ஆறியது. கூட வந்தவர் ஒருவர் செல்போனைப் பார்த்தார். இன்னொருவர் நான் படிச்சுக் காட்டவா பெரியவரே என்றார். வேண்டாம், இது என் வேலை என்றேன். மேய்க்கால் வந்தது, ஆட்சேபணை வந்தது. இரண்டும் தெரிந்த சொல், சல்லென்று போனேன். இரண்டாம் தாளில் கல் தடுக்கியது. ச, மூ, க. வி, ரோ, தி, கள்.

"சார், சமூக விரோதின்னா யாரு?"

"அது வந்து பெரியவரே, திருடுறவன், குடிச்சிட்டு வம்பு பண்றவன். அந்த மாதிரி ஆளுக."

"அவுக எங்க வாராக?"

"மேட்டுல வீடு கட்டிக் குடுத்தா வந்துருவாக. அதைத் தடுக்கத்தான இந்த மனு."

"மேட்டுக்கு வாரது நாங்கதான சார். என் பேரும் இவ பேரும் பட்டியல்ல இருக்கு."

பேச்சி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். த. முகம் பிசைந்த மாவு மாதிரி ஆனது. பட்டியலை அவர் படித்திருக்கவில்லை. படித்தவர்கள் படிப்பதில்லை போலிருக்கிறது.

"உங்களைச் சொல்லலை பெரியவரே. நீங்க நம்ம ஆளு."

"அப்ப மத்தவுக யாரு ஆளு சார்?"

தாளை வாங்கிக்கொண்டு மேலே ஏறிப் போனார்கள். டீயைத் தொடவில்லை. பேச்சி மூன்று டம்ளர் டீயையும் ஒரு சட்டியில் ஊற்றி எனக்கே கொடுத்தாள். ஆறிய டீ. ஆனாலும் குடித்தேன். வீணாக்க முடியாது.

ஐப்பசி 8, சனி

கோபம். எழுத்து வரிக்குக் கீழே இறங்கி இறங்கிப் போகிறது.

நேற்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். போன வருஷ மழைக்கு நகருக்குள் தண்ணீர் புகுந்தது. ஓடையை மறித்துக் குடிசை போட்டிருக்கிறார்கள், அவர்களை எழுப்புங்கள் என்று மனுக் கொடுத்தது யார்? இதே த. அதனால்தான் எழும்பு என்று சர்க்கார் சொல்கிறது. எழும்பி எங்கே போக? மேட்டுக்கு. மேட்டுக்கு வராதே என்று மனுக் கொடுப்பது யார்? இதே த.

ஓடையிலும் நிற்கக் கூடாது, மேட்டிலும் நிற்கக் கூடாது. நாங்கள் என்ன கொக்கா, அந்தரத்தில் காலைத் தூக்கிக்கொண்டு நிற்க?

இன்று நகருக்கு வேலைக்குப் போனேன். வளைவில் நல்வரவு என்று இன்னும் எழுதியிருக்கிறது. படிக்காமல் போக முடியவில்லை. படிக்கத் தெரிந்ததில் இது ஒரு கஷ்டம். கண் தானாகப் படித்துவிடுகிறது.

நாலாம் நம்பர் வீட்டில் பேசிக்கொண்டது, செடிக்குத் தண்ணீர் விடும்போது காதில் விழுந்தது:

"காலனி வந்துட்டா மனை என்ன விலைக்குப் போகும்?"

"எவன் கேட்பான்? பொண்ணு குடுக்கக்கூட யோசிப்பாக."

நான் அங்கேதான் நிற்கிறேன். குழாயைப் பிடித்துக்கொண்டு. செடிக்குக் காது இல்லை, எனக்கும் இல்லை என்று நினைத்துவிட்டார்கள்.

ஏழாம் நம்பரில் இன்று காப்பி இல்லை. துளசித் தொட்டிக்குப் பின்னால் டம்ளரும் இல்லை. அந்த அம்மா ஜன்னலில் நின்றுகொண்டு, பால் திரிஞ்சு போச்சு பெரியவரே என்றார்கள். சரி என்றேன். திரும்பி வரும் வழியெல்லாம் அந்த டம்ளரையே யோசித்தேன். இப்போது இல்லாததைப்பற்றி இல்லை. இத்தனை நாள் அது ஏன் வீட்டுக்கு வெளியே இருந்தது என்று. நல்ல காப்பி என்று இந்த நோட்டில் நானே எழுதியிருக்கிறேன். அதை அடிக்கலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை. காப்பி நல்லதுதான்.

பேச்சி: "ஏ சமூக விரோதி, கஞ்சி ஆறுது, வாரீகளா?"

அவளுக்கு அந்தச் சொல் பிடித்துவிட்டது. நேற்றிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறாள். எனக்குக் கோபத்திலும் சிரிப்பு.

ஐப்பசி 11, செவ்வாய்

நல்ல மழை. கூரைத் தகரத்தில் சத்தம். நோட்டை பிளாஸ்டிக் பைக்குள் வைத்திருக்கிறேன்.

முடிவு செய்துவிட்டேன். நானும் எழுத்து மூலம் தெரிவிக்கப் போகிறேன்.

நோட்டீஸை மறுபடியும் போய்ப் படித்தேன். கூடாது என்பவர்கள் எழுதலாம் என்றுதான் இருக்கிறது. வேண்டும் என்பவர்கள் எழுத இடமே இல்லை. அப்படியானால் நானும் ஆட்சேபணைதான் எழுத வேண்டும். அவர்களுடைய ஆட்சேபணைக்கு என் ஆட்சேபணை. செல்வியிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, சரியாத்தான் இருக்கு தாத்தா என்றாள். தான் எழுதித் தருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றேன். என் கோபத்தை இன்னொருவர் கையால் எழுதினால் அழகாக இருக்கும். அழகாக இருக்கக் கூடாது.

எழுதியது, மூன்று நாளாக:

தாசில்தார் அம்மா அவர்களுக்கு. ஓடைக்கரை இருளப்பன் எழுதும் ஆட்சேபணை. ஓடையில் இருக்காதே என்று மனுக் கொடுத்தவர்களும் மேட்டுக்கு வராதே என்று மனுக் கொடுத்தவர்களும் ஒரே ஆட்கள். இரண்டில் ஒரு மனுவை அவர்கள் திரும்ப வாங்க வேண்டும். நான் சமூக விரோதி இல்லை. அவர்கள் வீட்டுச் செடி என்னால்தான் பூக்கிறது. என் மனைவிக்கு முழங்கால் வலி. கதவு வைத்த கக்கூஸ் வேண்டும். இப்படிக்கு.

செல்வி பார்த்து இரண்டு இடம் திருத்தினாள். முழங்கால் வழி என்று எழுதியிருந்தேன். வழி என்றால் பாதை, வலி என்றால் நோவு. எங்கள் வாயில் ழ, ல, ள மூன்றும் ஒரே பிள்ளைதான். சிறப்பு ழ-வைக் கற்றுக்கொண்ட பிறகு கண்ட இடத்திலெல்லாம் அதைப் போடுகிறேன், புதுச் சட்டை மாதிரி. இன்னொன்று, ஆட்சேபணையில் ட் விட்டுப்போயிற்று. ஆசேபணை என்று இருந்தது. அந்த ட் எப்போதும் வழுக்குகிறது.

ஐப்பசி 14, வெள்ளி

மழை விட்டது. ஓடையில் முழங்கால் தண்ணீர். பாத்திரம் எல்லாம் கட்டிலுக்கு மேலே.

தாலுகா ஆபீஸ் போனேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு. அங்கே தபால் வாங்குகிற தம்பி என் தாளை வாங்கித் தலைப்பைப் பார்த்துவிட்டு, ஆட்சேபணையா, சரி என்று நகர்க்காரர்கள் மனுக் கட்டுக்குள் செருகப் போனான். வேண்டாம் தம்பி, நான் அவர்களுக்கு எதிர்க்கட்சி என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

"இதுல வீடு வேணும்னு எழுதியிருக்கேன், பாருங்க தம்பி."

"அப்ப எதுக்குய்யா ஆட்சேபணைன்னு தலைப்பு போட்டீரு? தலைப்பு எதுவோ அந்தக் கட்டுலதான் போகும்."

போயிற்று. நாடாவைப் போட்டு இறுக்கிக் கட்டினான். நகர் பூராவும் வராதே என்று எழுதிய கட்டுக்குள், மேலாக, என் தாள். அவர்களுடைய எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

வெளியே வேப்பமரத்தடியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். படிக்காமல் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று ஒரு நினைப்பு. உடனே அந்த நினைப்பின் மேலேயே கோபம் வந்தது. எழுந்து டீ குடித்தேன். டீக்கடையில் வைத்திருந்த பேப்பரில் ஒரு பக்கம் படித்தேன். பருத்தி விலை. பிறகு பரவாயில்லை.

பேச்சியிடம் இதைச் சொல்லவில்லை. மனு கொடுத்தாச்சு என்று மட்டும் சொன்னேன்.

ஐப்பசி 17, திங்கள்

மூட்டம். நாளை தாசில்தார் நேரில் வந்து இடம் பார்க்கிறார். ஆட்சேபணைக்காரர்களையும் அங்கேயே விசாரிப்பார்.

சாயங்காலம் பேச்சியின் தம்பி சடையன் வந்தான். கீதாரி. கீதாரி என்றால் ஆட்டு மந்தைக்காரர்களுக்குத் தலைவன். மந்தையை எம்.ரெட்டியபட்டிப் பக்கமிருந்து ஓட்டிவந்திருக்கிறான். என்னடா மாப்ள, மழை நேரத்தில் இந்தப் பக்கம் என்றேன். ஆட்டுப் புழுக்கை உரத்துக்காக ராத்திரியில் மந்தையை நிலத்தில் அடைப்பதுதான் கிடை. ஐப்பசியில் காடெல்லாம் விதைத்துக் கிடக்கும். வெள்ளாமை செய்கிற எந்தச் சம்சாரியும் கிடை கேட்க மாட்டான்.

அவனுக்கும் அதுதான் ஆச்சரியம். நகரில் ஒரு பெரிய மனுசர் தேடிவந்து, வெற்றிலை பாக்குக் கொடுத்து, மேட்டுக் கருவைக்காட்டில் கிடை போடு என்று கேட்டாராம். வெள்ளாமையே இல்லாத காட்டுக்கு எதற்கு உரம் என்று இவன் கேட்கவில்லை. கூப்பிட்டால் போவதுதானே தொழில்.

எனக்குப் பொறி தட்டியது. மேய்க்காலில் ஆடு மேய்கிறது, வீட்டுக்கு விடக் கூடாது என்று நாளைக்குத் தாசில்தாரிடம் காட்ட வேண்டும். நகரில் ஆடு கிடையாது. வாடகைக்கு ஆடு. அதுவும் என் மச்சினன் ஆடு.

சொன்னேன். சடையன் வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் இருந்தான். பேச்சிதான் பேசினாள்.

"திரும்ப ஓட்டிட்டுப் போலே."

"வெத்தலை வாங்கிட்டேனேக்கா. கீதாரி வாக்கு மாறுனா ஆட்டுக்கு ஆகாது."

"அக்காவுக்கு ஆகாட்டிப் பரவாயில்லையா?"

அவன் தட்டைத் தள்ளிவைத்தான். நான் என் பங்குக்கு ஏசினேன். எழுதத் தகாத சொல். எழுதவும் தெரியும் இப்போது, ஆனாலும் வேண்டாம். கடைசியில் அவன் சொன்னது: "கிடை போடுன்னு கேட்டாக, கிடை போடுறேன் மச்சான். அதுக்கு மேல ஒண்ணும் கேக்கலை, ஒண்ணும் செய்யவும் மாட்டேன்." கம்பை எடுத்துக்கொண்டு இருட்டில் போனான். பேச்சி அவன் மிச்சம் வைத்த சோற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஐப்பசி 18, செவ்வாய்

பனி. பிறகு நல்ல வெயில். நிறைய எழுத வேண்டும். கை வலித்தாலும் எழுதுவேன்.

ஜீப் வந்தது. தாசில்தார் அம்மா, சின்ன வயசு, காலில் சேறு படுவதைப் பார்க்கவில்லை. நகர்க்காரர்கள் பூராவும் ஒரு பக்கம், ஏழாம் நம்பர் அம்மாவும் அங்கே. ஓடைக்கரை ஒரு பக்கம். மேட்டில் கருவைக்கு நடுவே சடையன் மந்தை கிடையில் படுத்திருந்தது. த. கையை நீட்டிக் காட்டினார். காலங்காலமா இது மேய்ச்சல் மேடம், நீங்களே பாருங்க என்றார். அந்த அம்மா பார்த்து எழுதிக்கொண்டார்கள்.

அப்போது பனி காய்ந்தது. பனிப்புல்லில் ஆடு மேய்ந்தால் சீக்கு வரும். அதனால் பனி காயும்வரை அடைத்துவைத்து, காய்ந்ததும் கிளப்புவது வழக்கம். சடையன் படலைத் திறந்து ஒரு சத்தம் கொடுத்தான். மந்தை எழுந்தது. உதறிக்கொண்டு, கத்திக்கொண்டு, மேட்டை விட்டு இறங்கியது.

த. பதறிப்போய் ஓடினார்.

"ஏப்பா, எங்க ஓட்டிட்டுப் போற? மேய விடுப்பா."

"மேயத்தான் சார் போகுது."

"இங்க மேயச் சொல்லுப்பா."

"இங்க என்ன இருக்கு? கருவை இலையை ஆடு திங்காது சார். கருவைக்கடியில புல்லு வராது. கிடை ராத்திரிக்குத்தான். நீங்க கிடைதான கேட்டீக, மேய்க்கச் சொல்லலையே."

கிடையும் மேய்ச்சலும் ஒன்று என்று அவர் நினைத்துவிட்டார். பாவம் என்று எழுத வேண்டும், கை வரவில்லை.

தாசில்தார் அம்மா, யாருய்யா கிடை கேட்டது என்றார்கள். சடையனுக்கு ஆபீசர் என்றால் பயம். வாயால் சொல்லாமல் கம்பைத் த. பக்கம் நீட்டினான். மந்தை அதற்குள் பழைய பாதையைப் பிடித்துவிட்டது. பழைய பாதை நகருக்குள்தான் போகிறது, மனை போடுமுன் அது ஆட்டுப் பாதை. வளைவுக்கு அடியில், நல்வரவைத் தாண்டி, மொத்த மந்தையும் உள்ளே. நான் தண்ணீர் விட்டு வளர்த்த செம்பருத்தி, குரோட்டன்ஸ், எல்லாம் போயிற்று. நகர்க்காரர்கள் பாதிப் பேர் வீட்டைப் பார்த்து ஓடினார்கள். சொர்ணம் கிழவி, அம்மா, மேய்ச்சல் எங்கன்னு இப்பப் போய்ப் பாருங்க என்றாள். நான் சிரிக்கவில்லை. என் செடி.

பிறகு கட்டைப் பிரித்துப் பெயர் கூப்பிட்டார்கள். முதலில் மேலே இருந்த தாள்.

"ஓடைக்கரை இருளப்பன். நீங்களும் எதிர்ப்பா?"

பேச்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்கு இன்னும் படிப்புப் போதாது.

"எதிர்க்கிறவுகளை எதிர்க்கிறேன் தாயி."

படிங்க என்று தாளை என்னிடமே கொடுத்தார்கள். படித்தேன். என் எழுத்து, ஆனாலும் தடுக்கியது. பின்னால் யாரோ சிரித்தார்கள். யாரோ, சீக்கிரம்யா என்றார்கள். நான் விரலை எடுக்கவில்லை. ஒரே ஆட்கள் என்ற இடத்தில் த. செருமினார். தாசில்தார் அம்மா, ஓடையை எழுப்பச் சொல்லி மனு கொடுத்தது நீங்களா சார் என்று கேட்டார்கள். அவர் அது வேற மேடம் என்றார். கதவு வைத்த கக்கூஸ் என்ற இடத்தை இன்னும் சத்தமாகப் படித்தேன். ஏழாம் நம்பர் அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தாசில்தார் அம்மா மேலே எழுதி அனுப்புவதாகச் சொன்னார்கள். எப்படி எழுதுவார்கள், யாருக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து பேச்சி: "கக்கூஸைப் போயி ஊரு பூராவும் வாசிச்சீகளே."

கோபம் மாதிரி சொன்னாள். சுடுதண்ணீர் வைத்துக் கையில் ஊற்றிவிட்டாள். எழுதுகிற கை.

கார்த்திகை, தேதி தெரியவில்லை

காலண்டர் தண்ணீரில் போயிற்று. ஓடை பெருகி வீட்டுக்குள் இடுப்பளவு. பள்ளிக்கூடத்தில் தங்கல், நான் படிக்கிற அதே வகுப்பறை. பேச்சி கரும்பலகைக்கு அடியில் படுத்திருக்கிறாள். நோட்டு பையில் இருந்ததால் தப்பித்தது.

நகரிலிருந்து சோற்றுப் பொட்டலம் வந்தது. த. கொண்டுவந்து கொடுத்தார். நல்லவர்தான், தூரத்தில் இருந்தால். வாங்கிக்கொண்டேன். பசி. கோபத்தையும் பொட்டலத்தையும் ஒன்றாக வைத்திருக்க முடிகிறது.

தை 6. கிழமை பார்க்கவில்லை

வெயில். நல்ல காற்று. வெள்ளம் வடிந்து ஓடைக்கே திரும்பிவிட்டோம்.

செல்வி ஓடிவந்தாள், சாவடியில் புதுத் தாள் ஒட்டியிருக்கிறார்கள் என்று. என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லவில்லை. நீங்களே படிங்க தாத்தா என்றாள். பேச்சியைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். கூட்டம் விலகி வழி விட்டது. (வழி. சிறப்பு ழ.)

மேய்க்கால் என்பது நத்தம் என வகைமாற்றம் செய்யப்பட்டது.

மறுபடியும் படித்தேன். சத்தமாக. சொர்ணம் கிழவி இந்தத் தடவை இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். பேச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நத்தம் என்ற சொல்லைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். அதைத் தொட்டுப் பார்த்தாள்.

கீழே இன்னும் இருந்தது. அருகிலுள்ள குடியிருப்போர் கோரிக்கையை ஏற்று, இரு பகுதிக்கும் இடையே ஆளுயரத்துக்கு மேல் சுற்றுச்சுவர் எழுப்பப்படும். பொது வழி பின்புறமாக, ஓடை ஓரம் அமையும்.

குடியிருப்போர். அவர்கள் மட்டும் குடியிருப்போர், நாங்கள் யார்? சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பவன் மரத்திலா இருக்கப் போகிறான்? வளைவில் நல்வரவு, பக்கவாட்டில் சுவர். ஓடையை விட்டு எழுப்பி, மறுபடியும் ஓடை ஓரமாக நட என்கிறார்கள். மழைக்கு அந்த வழியில் பேச்சி எப்படி நடப்பாள்?

"கதவு எந்தப் பக்கம் வைப்பாக?" என்றாள்.

"சுவத்தைப் பாத்து."

வீடு வந்ததும் பையை அவிழ்த்து, நோட்டையும் பேனாவையும் எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"எழுதுங்க சமூக விரோதி."

புதுத் தாளின் கடைசி வரியும் பழைய வரிதான், எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்று. ஒரு பக்கம் கிழித்துக்கொண்டேன். தலைப்பு: ஆட்சேபணை. ட் விடவில்லை.